எச்1 தமிழ்: இலக்கணத்தை விட்டுவிடலாமா? எங்கிருந்து தொடங்குவது?

ஜூன் 2, மாலை. ஜேசி முதலாண்டு மாணவி, ஈசூன்

ஆண்டு இறுதியில் எச்1 தமிழ் எழுத வேண்டும். சிங்கப்பூரில் ஜேசி (தொடக்கக் கல்லூரி) மாணவர்கள் ஏ நிலையில் எழுதும் தமிழ்த் தேர்வு அது. வீட்டில் பாதி ஆங்கிலம், பாதி தமிழ். ஒற்று மிகும் இடங்கள், மிகா இடங்கள் என்று இரண்டு பக்கத் தாள் ஒன்று கையில் இருக்கிறது. எத்தனை முறை படித்தாலும் மனத்தில் நிற்கவில்லை. கூடப் படிப்பவர்கள், "இலக்கணத்தை விட்டுத்தள்ளு, கட்டுரையில் அள்ளிவிடலாம்" என்கிறார்கள். விட்டுவிடலாமா? கூடாது என்றால் முதலில் எதைப் படிப்பது?

ஜூன் 2, இரவு. துணைப்பாட ஆசிரியர்

விடாதீர்கள். இலக்கணத்தை ஒரு தனிப் பகுதியாக நினைப்பதால்தான் விடத் தோன்றுகிறது. கட்டுரை எதனால் ஆனது? வாக்கியத்தால். கருத்தறிதலுக்குச் சொந்த நடையில் விடை எழுதுகிறீர்களே, அதுவும் வாக்கியம்தான். அங்கே உருபு தவறினால், பயனிலை எழுவாயோடு ஒட்டாமல் போனால், மொழிக்குரிய மதிப்பெண் குறையும்.

பல்கலைக்கழகத்துக்கான தாய்மொழித் தகுதிக்கு உயர்நிலைப் பள்ளி முடிவில் எழுதும் உயர்தமிழில் டி7 தரநிலை அல்லது எச்1 தமிழில் எஸ் தரநிலை போதும் என்பது உண்மை. அந்த எல்லைக்கோட்டைக் குறிவைத்துப் படிப்பவருக்கு நான் சொல்ல ஒன்றுமில்லை. நல்ல தரநிலை வேண்டுமென்றால் இலக்கணம்தான் மிகக் குறைந்த நேரத்தில் பலன் தரும் இடம். கட்டுரை நடை மெருகேற ஆண்டுகள் ஆகும். "அம்மாவை உதவினேன்" என்று எழுதும் கையை ஒரு வாரத்தில் திருத்திவிடலாம்.

அந்த இரண்டு பக்கத் தாளை இப்போதைக்கு மடித்து வையுங்கள். ஒற்றிலிருந்து தொடங்குவதுதான் பலருக்கு வரும் சிக்கலின் வேர். ஒற்று என்பது இரண்டு சொற்களுக்கு நடுவே என்ன உறவு என்பதற்கான அடையாளம். உறவு தெரியாமல் அடையாளத்தை மனப்பாடம் செய்தால் நிற்காது. ஆகவே வேற்றுமை முதலில், எழுவாய்-பயனிலை இயைபு அடுத்து, பிறகு எழுத்துப்பிழை, கடைசியில் ஒற்று. ஒவ்வொன்றாக எழுதுகிறேன்.

ஜூன் 4. துணைப்பாட ஆசிரியர்

வேற்றுமை.

உருபுகளின் பட்டியல் எல்லாருக்கும் தெரியும்: ஐ, ஆல், ஓடு, உடன், கு, இன், இல், இருந்து, அது, உடைய, இடம், இல், கண். பட்டியலை ஒப்பித்துவிட்டு வாக்கியத்தில் தவறுகிறார்கள். ஏனென்றால் எந்த வினை எந்த உருபைக் கேட்கும் என்று யாரும் பழக்குவதில்லை. உருபைத் தனியாகப் படிக்காமல் வினையோடு சேர்த்துப் படிக்க வேண்டும்.

உதவு என்றால் "கு". அம்மாவுக்கு உதவினேன். "அம்மாவை உதவினேன்" ஆங்கில வாக்கியத்தின் நிழல்.

கேள் என்றால், கேட்கப்படும் ஆள் "இடம்" பெறுவார். ஆசிரியரிடம் கேட்டேன். "ஆசிரியருக்குக் கேட்டேன்" தவறு. "ஆசிரியரைக் கேட்டேன்" வழக்கில் உண்டு. தேர்வில் "இடம்" பாதுகாப்பானது.

பிடி, தெரி, புரி, வேண்டும், பசி ஆகியவற்றுக்கு அனுபவிப்பவர் "கு" பெறுவார். எனக்குப் பிடித்த பாடம், எனக்குப் புரிந்தது, எனக்குப் பசித்தது. "என்னைப் பிடித்த பாடம்" என்று எழுதினால் பாடம் ஓடிவந்து உங்களைப் பிடித்துக்கொண்டது என்று பொருளாகிவிடும். முடியும் மட்டும் வேறு: என்னால் முடியும்.

கலந்துகொள் என்றால் "இல்". திருமணத்தில் கலந்துகொண்டேன். "திருமணத்தைக் கலந்துகொண்டேன்" என்று எழுதும்போது மனத்துக்குள் ஓடுவது ஆங்கிலம்.

"பரிசை வென்றேன்" வேண்டாம். போட்டியில் வென்றேன், பரிசு பெற்றேன். "பேருந்தை எடுத்தேன்" நம் ஊரில் பேச்சில் ஊறிப்போனது. எழுத்தில் பேருந்தில் சென்றேன், பேருந்தில் ஏறினேன். "மருந்தை எடுத்தேன்" என்றால் அலமாரியிலிருந்து எடுத்ததாகத்தான் பொருள். உட்கொண்டதைச் சொல்ல மருந்து சாப்பிட்டேன்.

நேரத்துக்கு: ஒன்பது மணிக்கு, ஜூன் மாதத்தில், திங்கட்கிழமையன்று. "ஒன்பது மணியில்" எழுதாதீர்கள்.

இடத்துக்குப் போனால் "கு", ஆளிடம் போனால் "இடம்". கிளினிக்குக்குப் போனேன், மருத்துவரிடம் போனேன்.

சிறு நோட்டுப் புத்தகத்தில் வினைகளை இடப்பக்கம், உருபோடு ஒரு முழு வாக்கியத்தை வலப்பக்கம் எழுதுங்கள். அடிக்கடி வரும் நாற்பது, ஐம்பது வினைகளைப் பிடித்துவிட்டால் பெரும்பகுதி முடிந்தது.

ஜூன் 5. பெற்றோர், உட்லண்ட்ஸ்

வீட்டில் "எனக்குத் தெரியும்", "எனக்கு வேணும்" என்று சரியாகத்தான் பேசுகிறான் என் மகன். எழுத உட்கார்ந்தால் "நான் தெரியும்" என்று வருகிறது. இது எப்படி?

ஜூன் 5. துணைப்பாட ஆசிரியர்

பேசும்போது தமிழில் யோசிக்கிறான், எழுதும்போது ஆங்கிலத்தில் யோசித்து மாற்றுகிறான். அதனால் வீட்டுப் பேச்சைத் தடுக்காதீர்கள், அதுவே அவனுக்கு அடித்தளம். எழுதும் முன் வாக்கியத்தைப் பேச்சுத் தமிழில் வாய்க்குள் சொல்லட்டும். பிறகு உருபை மட்டும் எழுத்து வடிவத்துக்கு மாற்றட்டும். "கிட்ட" என்பது இடம் ஆகும், "கூட" என்பது உடன் ஆகும், "லேர்ந்து" என்பது இலிருந்து ஆகும். "அம்மாகிட்ட சொன்னேன்" அம்மாவிடம் சொன்னேன் ஆகிவிடும். "தாத்தாகூட கடைக்குப் போனேன்" தாத்தாவுடன் கடைக்குப் போனேன் ஆகிவிடும். வாக்கியத்தின் எலும்பு அப்படியே இருக்கும். இந்த வழியில் "நான் தெரியும்" வரவே வராது.

ஜூன் 11. துணைப்பாட ஆசிரியர்

இயைபு. இது சின்னப் பகுதி, விரைவில் முடியும்.

மரங்கள் விழுந்தது: தவறு. மரங்கள் விழுந்தன. பேச்சில் அஃறிணைப் பன்மைக்கு முடிவு மாறுவதில்லை, அதனால் காது காட்டிக்கொடுக்காது. கண்தான் பார்க்க வேண்டும். "கள்" கொண்ட அஃறிணைப் பெயர் எழுவாயாக வந்தால் உடனே பயனிலைக்குப் போய் "ன" இருக்கிறதா என்று பாருங்கள். இடையில் நீண்ட தொடர் வந்தால்தான் தவறும்: "நூலகத்தில் பல ஆண்டுகளாகப் பாதுகாத்து வைக்கப்பட்டிருந்த அந்தப் பழைய நூல்கள் இப்போது மின்வடிவில் கிடைக்கிறது." கிடைக்கின்றன என்று இருக்க வேண்டும்.

ஒவ்வொரு என்றால் ஒருமை. ஒவ்வொரு மாணவரும் வந்தார். "ஒவ்வொரு மாணவர்களும்" என்பது இரட்டைத் தவறு, பெயரும் கெடுகிறது, வினையும் கெடுகிறது.

நானும் அவளும் சென்றோம். நீயும் அவளும் சென்றீர்கள். தன்மை இருந்தால் "ஓம்", தன்மை இல்லாமல் முன்னிலை இருந்தால் "ஈர்கள்".

குழு, அரசாங்கம், கூட்டம் ஆகியவை ஒருமை அஃறிணை: அரசாங்கம் அறிவித்தது. குழுவினர், மக்கள் என்றால் உயர்திணைப் பன்மை: குழுவினர் அறிவித்தனர்.

ஓர், ஒரு: உயிரெழுத்துக்கு முன் ஓர், மற்றவற்றுக்கு ஒரு. ஓர் ஊர், ஓர் ஆண்டு, ஒரு வருடம். யானை உயிரெழுத்தில் தொடங்குவதாகக் காதுக்குப் படும். "யா" உயிர்மெய். எனவே ஒரு யானை.

ஜூன் 12. ஜேசி முதலாண்டு மாணவி, ஈசூன்

சார், குழந்தைகள் விளையாடினவா, விளையாடினார்களா?

ஜூன் 12. துணைப்பாட ஆசிரியர்

இரண்டும் சரி. குழந்தை பொதுத்திணைப் பெயர், உயர்திணை முடிவும் ஏற்கும், அஃறிணை முடிவும் ஏற்கும். ஆனால் ஒரே பத்தியில் முதல் வரியில் விளையாடின, மூன்றாம் வரியில் சிரித்தார்கள் என்று மாற்றாதீர்கள். ஒன்றைப் பிடித்தால் கடைசிவரை அதுவே.

ஜூன் 19. துணைப்பாட ஆசிரியர்

எழுத்துப்பிழையில் ஒரு வகை மிக எளிதாக ஒழியும். அதைப் பலர் தொடுவதே இல்லை.

முயற்ச்சி, பயிற்ச்சி, காட்ச்சி, அதற்க்கு, கேட்க்க. இவை அத்தனையும் ஒரே தவறு. ட், ற் என்ற இரண்டு புள்ளி எழுத்துகளை அடுத்து இன்னொரு புள்ளி எழுத்து வராது. வல்லின மெய் ஏற்கெனவே நிற்கிறது, அதன்மேல் இன்னொன்றை ஏற்ற முடியாது. எனவே முயற்சி, பயிற்சி, காட்சி, ஆட்சி, அதற்கு, கேட்க.

ய், ர், ழ் மூன்றும் மட்டுமே தமக்குப் பின் இன்னொரு மெய்யைத் தாங்கும். வாய்ப்பு, வளர்ச்சி, உணர்ச்சி, மகிழ்ச்சி, நிகழ்ச்சி. நன்னூல் இதை யரழ ஒற்று என்றே தனியாகச் சொல்கிறது. "முயற்சிக்கு ச் உண்டா, மகிழ்ச்சிக்கு உண்டா" என்று சொல் சொல்லாக மனப்பாடம் செய்வதற்குப் பதில் முந்திய எழுத்தைப் பாருங்கள். யரழ என்றால் உண்டு. ட, ற என்றால் இல்லை.

ன, ண, ந குழப்பத்திலும் பாதியை இப்படியே தீர்க்கலாம். த-வுக்கு முன் ந், ட-வுக்கு முன் ண், ற-வுக்கு முன் ன். வந்தான், கண்டான், சென்றான். "கன்டான்", "சென்ரான்" என்று எழுதவே இடமில்லை. சொல்லின் முதலில் வந்தால் ந: நாடு, நூல், நீர். இந்த விதிக்குள் அடங்காதவை மனம்/மணம், பனி/பணி, ஆனி/ஆணி, அனைத்து/அணைத்து போன்ற இணைகள். அவற்றை மட்டும் பொருளோடு படிக்க வேண்டும்.

ஜூன் 28. துணைப்பாட ஆசிரியர்

இப்போது ஒற்று. வேற்றுமை கைவந்த பிறகு இதைப் படியுங்கள், வரிசையை மாற்றாதீர்கள்.

முதலில் எல்லை. அடுத்த சொல் க, ச, த, ப வரிசையில் தொடங்கினால் மட்டுமே இந்தக் கேள்வி எழும். ம, வ, ந, ய, உயிர் எதில் தொடங்கினாலும் கடந்து போங்கள். இதைச் சொல்லிக்கொடுத்தாலே பார்க்க வேண்டிய இடங்கள் பாதியாகும்.

அடுத்து நான்கு கேள்விகள்.

ஒன்று, முதல் சொல்லின் முடிவில் ஐ அல்லது கு உருபு வெளிப்படையாக இருக்கிறதா? இருந்தால் மிகும். பாடத்தைப் படித்தாள், கடைக்குப் போனாள். எழுதும்போது வரும் ஒற்றுகளில் பெரும்பகுதி இந்த ஒரு கேள்வியில் அடங்கும். ஓடு, உடைய என்றால் மிகாது: தம்பியோடு சென்றாள், என்னுடைய புத்தகம்.

இரண்டு, முதல் சொல் "து, டு, று" என்று முடியும் வினையெச்சமா? அந்த எழுத்துக்கு முன்னால் நிற்பதைப் பாருங்கள். புள்ளி வைத்த வல்லினம் நின்றால் மிகும்: படித்துப் பார்த்தாள், கேட்டுத் தெரிந்தாள், விற்றுத் தீர்த்தாள். இல்லையென்றால் மிகாது: வந்து பார்த்தாள், சென்று சேர்ந்தாள், கொண்டு போனாள், செய்து கொடுத்தாள், அழுது தீர்த்தாள். வெளிப்படையாகத் தெரியும் அடையாளம் இது, ஊகம் தேவையில்லை.

மூன்று, முதல் சொல் "இ" என்று முடியும் வினையெச்சமா? மிகும்: ஓடிச் சென்றாள், பேசிக் கொண்டாள். போய், ஆய் என முடிந்தாலும் மிகும்.

நான்கு, முதல் சொல் "அ" என்று முடிகிறதா? இங்கேதான் தேவையில்லாத ஒற்றுகள் முளைக்கின்றன. அந்தச் சொல் ஒரு வினையில் போய் முடிந்தால் மிகும்: படிக்கச் சென்றாள், நன்றாகப் படித்தாள், எனக் கூறினாள். ஒரு பெயரில் போய் முடிந்தால் மிகாது: படித்த பெண், நல்ல பையன், பெரிய கடை, பல படங்கள், வந்த பிறகு. "நல்லப் பையன்", "வந்தப் பிறகு", "பலப் படங்கள்" மூன்றும் தவறு. அந்த, இந்த, எந்த மட்டும் பெயருக்கு முன் நின்றும் மிகும்: அந்தப் பையன்.

ஒரு வாக்கியத்தை முழுதாகப் பிரித்துப் பார்ப்போம்.

"வீட்டுப்பாடத்தை முடித்துவிட்டுக் கடைக்குப் போய்ச் சாப்பாடு வாங்கிக்கொண்டு திரும்பிய தம்பி பெரிய பையோடு கதவைத் தட்டினான்."

விட்டு: டு-வுக்கு முன் ட், மிகும். கடைக்கு: கு உருபு, மிகும். போய்: மிகும். வாங்கி: இகர ஈறு, மிகும். கதவை: ஐ உருபு, மிகும். மிகாத இடங்களும் ஐந்து. கொண்டு திரும்பிய: டு-வுக்கு முன் ண், மெல்லினம். திரும்பிய தம்பி: பெயரில் முடிகிறது. தம்பி பெரிய: தம்பி எழுவாய், எழுவாயின்முன் மிகாது. பெரிய பையோடு: பெயரில் முடிகிறது. பையோடு கதவை: ஓடு உருபு. "வீட்டுப்பாடத்தை" என்பதை அடுத்து ம, "சாப்பாடு" என்பதை அடுத்து வ. இரண்டிலும் கேள்வியே எழவில்லை.

இந்த வாக்கியத்தை ஒற்றில்லாமல் எழுதி, காரணத்தை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே நிரப்புங்கள். காரணம் சொல்ல முடியாத இடத்தில் ஒற்றுப் போடாதீர்கள்.

ஜூலை 3. உயர்நிலைப் பள்ளித் தமிழாசிரியர்

வரிசை நன்று. மூன்று இடங்களைச் சேர்க்க விரும்புகிறேன்.

"அ" ஈற்றில், ஒட்டி நிற்கும் சொல்லைப் பார்த்து ஏமாறும் மாணவர்கள் உண்டு. "படிக்கப் புத்தகம் வாங்கினாள்" என்பதில் அடுத்து நிற்பது பெயர். ஆனால் "படிக்க" என்பது "வாங்கினாள்" என்ற வினையில்தான் முடிகிறது, எனவே மிகும். நண்பர் "போய் முடிந்தால்" என்று கவனமாகச் சொன்னதன் காரணம் இதுதான் என்று மாணவர்களுக்கு விளங்க வேண்டும்.

"படி". அப்படிச் சொன்னார், மிகும். வரும்படி சொன்னார், மிகாது. சுட்டு, வினாவோடு வரும் படி வேறு, பெயரெச்சத்தோடு வரும் படி வேறு.

எண்கள். எட்டு, பத்து இரண்டும் மிகும்: எட்டுப் பேர், பத்துப் பேர். இரண்டு பேர், ஐந்து பேர், ஆறு பேர்: மிகாது. அரை, பாதி மிகும்: அரைப் பக்கம், பாதிப் பங்கு.

ஜூலை 3. துணைப்பாட ஆசிரியர்

மூன்றையும் மாணவர்கள் நோட்டில் எழுதிக்கொள்ளட்டும். எட்டு, பத்து இரண்டும் "டு, து" என முடிந்து, முன்னால் வல்லினப் புள்ளி நிற்பதைக் கவனியுங்கள். வினையெச்சத்துக்குச் சொன்ன அதே அடையாளம்.

ஜூலை 6. ஜேசி முதலாண்டு மாணவி, ஈசூன்

ஐ உருபு தெரிந்தால் மிகும் என்றீர்கள். "வேலை கொடுத்தார்" என்று என் பாடநூலில் ஒற்றில்லாமல் இருக்கிறது. வேலை என்பது "ஐ" என்றுதானே முடிகிறது?

ஜூலை 6. துணைப்பாட ஆசிரியர்

மிக நல்ல கேள்வி. ஒற்றுக்கு முன் வேற்றுமை என்று நான் பிடிவாதம் பிடிப்பது இதற்காகத்தான்.

"ஐ" என்று முடிவதெல்லாம் உருபு அல்ல. பணி என்ற பொருளில் வேலை முழுச்சொல். அதில் இருக்கும் ஐ சொல்லின் உடம்பு. "வேலை கொடுத்தார்" என்பதில் ஐ உருபு மறைந்து நிற்கிறது. இரண்டாம் வேற்றுமைத் தொகையில் ஒற்று மிகாது. உருபை வெளியே கொண்டுவந்தால் "வேலையைக் கொடுத்தார்", மிகும்.

"வேலைக் கொடுத்தார்" என்று எழுதிவிட்டால் அது வேல் + ஐ. முருகன் கையில் இருக்கும் வேலை யாரோ எடுத்துக் கொடுத்தார் என்று பொருள். தைப்பூசக் கட்டுரையில் அது சரியாக இருக்கும், வேலைவாய்ப்புக் கட்டுரையில் தலைகீழாகிவிடும்.

சோதனை இதுதான்: சொல்லின் ஈற்றிலுள்ள ஐயை எடுத்துவிட்டுப் பாருங்கள். மிஞ்சுவது நீங்கள் சொல்ல வந்த பொருளா? பாடத்தை என்பதில் எடுத்தால் பாடம் கிடைக்கிறது, உருபு. பணி என்ற பொருளில் வந்த வேலையில் எடுத்தால் வேல் மிஞ்சுகிறது, பொருள் பொருந்தவில்லை, உருபு இல்லை. இதே காரணத்தால் தமிழ் கற்றான், பாட்டு கேட்டான், கதை படித்தான் எல்லாம் மிகாது. தமிழைக் கற்றான், பாட்டைக் கேட்டான், கதையைப் படித்தான் மிகும்.

ஜூலை 14. துணைப்பாட ஆசிரியர்

பெயரும் பெயரும் சேரும் இடத்துக்குப் பயிற்சி வேண்டுமென்றால் சிராங்கூன் சாலையில் நடந்து பெயர்ப்பலகைகளைப் படியுங்கள். நகைக்கடை, துணிக்கடை, பூக்கடை, மருந்துக்கடை, காப்பிக்கடை எல்லாம் ஒற்றோடு வர வேண்டியவை. காப்பிக்கடை என்றால் காப்பியை விற்கும் கடை. ஐ உருபும் விற்கும் என்ற பயனும் சேர்ந்து மறைந்திருக்கின்றன. உருபு மட்டும் மறைந்த "கதை படித்தான்" மிகாது, உருபும் பயனும் மறைந்த "கதைப் புத்தகம்" மிகும். இந்த ஒரு சோடியை நன்றாகப் பிடித்துக்கொண்டால் போதும்.

மல்லிகைப்பூ, வெள்ளைத்தாள், ஏழைக் குழந்தை: முன்சொல் பின்சொல்லின் வகையையோ பண்பையோ சொல்கிறது, மிகும். தாய்தந்தை, செடிகொடி: "உம்" மறைந்திருக்கிறது, மிகாது. ஊறுகாய், சுடுகாடு: வினைத்தொகை, மிகாது.

ஜூலை 20. பெற்றோர், உட்லண்ட்ஸ்

வாழ்த்துகளா, வாழ்த்துக்களா? நாள்களா, நாட்களா? ஒவ்வொருவர் ஒவ்வொன்று சொல்கிறார்கள்.

ஜூலை 20. துணைப்பாட ஆசிரியர்

இரண்டு வடிவங்களும் அச்சில் நடமாடுகின்றன, சண்டையும் நடக்கிறது. மாணவர்களுக்கு நான் சொல்வது: தனிக்குறிலைப் பாருங்கள்.

ஒரே ஒரு குறில், அடுத்து ல் அல்லது ள் என்றால் மாறும். கல், கற்கள். சொல், சொற்கள். பல், பற்கள். முள், முட்கள். நெடிலோ இரண்டு எழுத்துகளோ முன்னால் இருந்தால் மாறாது. கால்கள், தாள்கள், விரல்கள், பொருள்கள், நாள்கள். "காற்கள்" என்று யாரும் எழுதுவதில்லை, அந்த வரிசையில் நாள்கள்தான் பொருந்துகிறது.

அதேபோல ஒரு குறிலுக்குப் பின் உகரம் வந்தால் க் மிகும்: பசுக்கள், தெருக்கள், கொசுக்கள். ஓரெழுத்து நெடிலுக்கும் மிகும்: பூக்கள், ஈக்கள். மற்றவை மிகாது: வாழ்த்துகள், எழுத்துகள், கருத்துகள்.

பள்ளி கொடுத்த குறிப்பில் வேறு வடிவம் இருந்தால் தேர்வுவரை அதையே பின்பற்றுங்கள். இந்தச் சர்ச்சையைத் தீர்த்துவைப்பது தேர்வு எழுதும் பிள்ளையின் வேலை இல்லை.

ஆகஸ்ட் 10. துணைப்பாட ஆசிரியர்

பயிற்சி முறை கேட்டுத் தனிச்செய்தி வந்தது. இங்கேயே எழுதுகிறேன்.

பாடநூலில் 100 முதல் 120 சொற்கள் உள்ள ஒரு பத்தி. நகலெடுத்து, சொற்களுக்கு நடுவே வரும் ஒற்றுகளை லிக்விட் பேப்பரால் அழியுங்கள். ஒற்றில்லாத இடங்களிலும் அங்கங்கே வெறுமனே தடவி வையுங்கள், இல்லையென்றால் வெள்ளைத் திட்டே விடையைச் சொல்லிவிடும். இரண்டு நாள்கள் கழித்து நிரப்புங்கள். ஒவ்வோர் ஒற்றின் மேலும் பென்சிலால் காரணத்தைச் சுருக்கமாக எழுதுங்கள்: "ஐ", "கு", "இகரம்", "வல்லினப் புள்ளி", "வினையில் முடிவு". பிறகு மூலத்தோடு ஒப்பிடுங்கள்.

திருத்தும்போது விட்டுப்போன ஒற்றையும் கூடுதலாகப் போட்ட ஒற்றையும் தனித்தனியாகக் குறியுங்கள். விடுபவருக்கு மருந்து வேறு, கூட்டுபவருக்கு மருந்து வேறு. விடுபவர் முதல் இரண்டு கேள்விகளை மீண்டும் பார்க்க வேண்டும். கூட்டுபவர் கிட்டத்தட்ட எப்போதும் "அ" ஈற்றுப் பெயரெச்சத்தில்தான் விழுகிறார்.

பாடநூலைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. இணையப் பக்கங்களிலும் வாட்ஸ்அப் செய்திகளிலும் ஒற்று ஒழுங்காக இருக்காது. பிழையான மூலத்தை வைத்து உங்கள் சரியான விடையைத் தவறென்று அடித்துக்கொள்வீர்கள்.

ஒரு நாளுக்குப் பதினைந்து நிமிடங்கள் போதும். சனிக்கிழமை மூன்று மணிநேரம் உட்கார்வதைவிட இது நிற்கும். முந்திய ஆண்டுத் தாள்களையும் பிற பள்ளிகளின் பிரிலிம் (முன்னோட்டத் தேர்வு) தாள்களையும் இப்போது தொடாதீர்கள். அடிப்படை வராமல் தாள் தாளாகச் செய்தால் ஒரே தவற்றைப் பலமுறை பழகுவீர்கள். செப்டம்பரில் எடுங்கள்.

செப்டம்பர் 7. ஜேசி முதலாண்டு மாணவி, ஈசூன்

ஒற்றில் இப்போது தயக்கம் குறைந்திருக்கிறது. ல, ள, ழ தான் இன்னும் குழப்புகிறது. பேசும்போது எனக்கு மூன்றும் ஒன்றாகவே வருகின்றன.

செப்டம்பர் 7. துணைப்பாட ஆசிரியர்

அப்படியானால் காதை நம்ப வேண்டாம், நாக்கை நம்புங்கள். ல: நாக்கு நுனி மேற்பல்லின் அடியைத் தொடும். ள: நுனி மேலே வளைந்து அண்ணத்தைத் தொடும். ழ: அதே வளைவு, ஆனால் தொடாது. ஒரு வாரம் கண்ணாடி முன் வால், வாள், வாழ் மூன்றையும் சொல்லிப் பாருங்கள்.

இணைகளைத் தனிச்சொல்லாகப் படிக்காமல் ஒரே வாக்கியத்தில் போடுங்கள். "பல்லி பள்ளிச் சுவரில் ஏறியது." "வெள்ளத்தில் வெல்லம் கரைந்தது." "விலை உயர்ந்ததால் விளைந்த நெல்லை விற்க விழைந்தார்." ர, ற இணைகளுக்கும் அப்படியே: "மனம் இரங்கி மாடியிலிருந்து இறங்கினார்", "ஏரியின் கரையில் ஏறி நின்றார்". தேர்வில் இந்தச் சொற்கள் பொருள் சார்ந்துதான் வரும், பட்டியலாக வராது. அதனால் வாக்கியமாகப் பழகியது கைகொடுக்கும்.

அக்டோபர் 12. துணைப்பாட ஆசிரியர்

தேர்வறையில் சரிபார்க்கும் வரிசை. எழுதி முடித்தபின் ஒரே வாசிப்பில் எல்லாப் பிழையையும் தேடினால் எதுவும் கண்ணில் படாது. மூன்று முறை போங்கள். முதல் முறை பயனிலைகளை மட்டும் தொட்டு, ஒவ்வொன்றிலிருந்தும் பின்னோக்கிப் போய் எழுவாயைப் பிடியுங்கள். இரண்டாம் முறை ஐ, கு என முடியும் சொற்களை மட்டும் பார்த்து அடுத்த எழுத்து கசதப-வா என்று பாருங்கள். மூன்றாம் முறை ட், ற் புள்ளிகள். பத்து நிமிடங்கள் ஒதுக்கினால் போதும்.

அக்டோபர் 13. ஜேசி முதலாண்டு மாணவி, ஈசூன்

கடைசியாக இரண்டு சந்தேகங்கள். காற்புள்ளி வந்தால் ஒற்றுப் போடலாமா? எம்ஆர்டி (விரைவு ரயில்) மாதிரியான பெயர்களுக்குப் பின் என்ன செய்வது?

அக்டோபர் 13. துணைப்பாட ஆசிரியர்

காற்புள்ளி இருந்தால் ஒற்று வேண்டாம். ஒற்று இரண்டு சொற்களைச் சேர்க்கிறது, காற்புள்ளி பிரிக்கிறது. இரண்டையும் ஒரே இடத்தில் வைக்க முடியாது. "பள்ளிக்கு, கடைக்கு, கோயிலுக்குச் சென்றேன்" என்பதில் கடைசியில் மட்டும்தான் ஒற்று.

ஊர்ப்பெயர்கள் தமிழ் ஈற்றோடு முடிந்தால் வழக்கமான விதிதான்: சிங்கப்பூர்த் தமிழர்கள். எம்ஆர்டி போன்ற சுருக்கப் பெயர்களில் தயங்கி நிற்காமல் வாக்கியத்தைத் திருப்பிவிடுங்கள். "எம்ஆர்டி பயணம்" என்பதா, "எம்ஆர்டிப் பயணம்" என்பதா என்று யோசிக்கும் நேரத்தில் "எம்ஆர்டியில் பயணம் செய்தோம்" என்று எழுதிவிடலாம். கட்டுரையில் சந்தேகம் வரும் எந்த இடத்துக்கும் இது பொருந்தும்: உருபை வெளியே கொண்டுவாருங்கள். "கதை கேட்டோம்" என்பதில் தயக்கம் வந்தால் "கதையைக் கேட்டோம்".